சிலிக்கன் சில்லும் நம் நாடும்

வானொலி, தொலைபேசி, மோட்டார் வண்டி ஆகிய யாவற்றுள்ளும் நகத்தளவேயான சில்லுகள் பணிபுரிகின்றன. அவை சிலிக்கன் என்னும் தனிமத்தால் ஆனவை. சிலிக்கன் செம்பைப் போல் மின்சாரத்தை முழுதும் கடத்தாது. ரப்பரைப் போல் முழுதும் தடுக்கவும் செய்யாது. ஆதலின் அது குறைகடத்தி எனப்படும்.

1972ஆம் ஆண்டில் இண்டெல் நிறுவனம் பினாங்கு மாநிலத்துப் பாயான் லெப்பாசில் தொழிற்சாலை அமைத்தது. வேலையின்மையைப் போக்க விரும்பிய அன்றைய முதலமைச்சர் டாக்டர் லிம் சோங் இயூ இத்தகைய நிறுவனங்களை வருவித்தார். அதே ஆண்டில் நம் ஈப்போவில் கார்செம் தோன்றியது.

அங்கு நடப்பது யாது? மின்சுற்றுகள் பதிந்த சிலிக்கன் தகட்டை வைரத்தூள் பதித்த வாளால் சிறு சிறு துண்டுகளாக அறுப்பர். மயிரினும் மெல்லிய பொற்கம்பியால் ஒவ்வொன்றையும் இணைப்பர். பின்னர் உறையிட்டுச் சோதிப்பர். தொடக்கத்தில் நுண்ணோக்கி வழியே கண் நோக இவ்வேலையைச் செய்தோர் பெரும்பாலும் இளம் பெண்களே. இன்று உலகில் நடைபெறும் இப்பணியில் நூற்றுக்கு ஏறத்தாழ 13 பங்கு மலேசியாவினுடையது.

எனினும், பெருவருவாய் சில்லை வடிவமைப்போர்க்கே செல்கின்றது. நாம் பால் வெட்டி ரப்பர் அனுப்ப, டயர் செய்து விற்றோர் பிறநாட்டார் அன்றோ! ஆகவே, 2024இல் அரசாங்கம் தேசியக் குறைகடத்தித் திட்டத்தை அறிவித்தது. வடிவமைப்பையும் இங்கேயே வளர்ப்பதும், 60,000 பொறியியலாளரைப் பயிற்றுவிப்பதும் அதன் குறிக்கோள்கள்.