பிடி அரிசியும் பொற்கிழியும்

சித்திரா பௌர்ணமியை ஒட்டி வைகையில் இறங்கும் கள்ளழகர் எந்த நிறப் பட்டு உடுத்தி எழுந்தருளப் போகிறார் என்பதை அறிய, விடியுமுன்பே இலட்சக்கணக்கான கண்கள் ஆற்றங்கரையில் காத்திருக்கின்றன. பச்சைப் பட்டு உடுத்தி இறங்கினால் நாடு செழிக்கும், வயல் விளையும் என்பது பாண்டி நாட்டு மக்களின் நெடுநாளைய நம்பிக்கை. வளம் வேண்டுவதில் குற்றமொன்றுமில்லை. உழுபவன் மழையை வேண்டுகிறான். வணிகன் இலாபத்தை வேண்டுகிறான். எம்பெருமான் திருமுன்பில் இரண்டும் நேர்மையான விண்ணப்பங்களே.

ஆயினும், வேண்டிய வளம் வந்து சேர்ந்தபின் நம் மனம் என்னவாகிறது என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. இல்லாத நாளில் இருந்ததைப் பகிர்ந்துண்டவன், பெருகிய நாளில் கணக்குப் பார்க்கத் தொடங்குகிறான். முன்பு ஆடம்பரம் என்று ஒதுக்கியதை இன்று அவசியம் என்கிறான். செல்வம் வளர வளரச் செலவைப் பற்றிய எண்ணம் மாறும் இந்த வழியை, நம் மதுரை மண்ணிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் நிகழ்ந்தவற்றைக் கொண்டே ஆராய்வோம்.

நாழி உணவும் இரண்டு ஆடையும்

மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும் சங்கப் புலவர் இதனைப் பற்றிப் பாடிய செய்யுள் ஒன்று புறநானூற்றில் 189ஆவது பாட்டாக அமைந்துள்ளது. உலகமுழுதும் ஒரு குடைக்கீழ் ஆளும் மன்னனும், நள்ளிரவிலும் நண்பகலிலும் உறங்காமல் விலங்கின்பின் ஓடும் வேடனும் உண்பது ஒரே அளவு, உடுப்பவை இரண்டே என்பது அதன் கருத்து. எஞ்சிய செல்வத்தின் பயன் கொடுத்தலே. தாமே அனுபவிப்போம் என்று வைத்துக்கொண்டால் தவறிப்போவன பல என்றும் அப்புலவர் எச்சரிக்கிறார்.

இதே உண்மையின் முற்பகுதியை மேலைநாட்டார் கணக்கெடுத்துக் கண்டனர். ஜெர்மானிய நாட்டுப் புள்ளியியல் அறிஞர் எர்ன்ஸ்ட் எங்கெல் 1857இல் குடும்பங்களின் வரவு செலவுகளை ஆராய்ந்து, வருவாய் உயர உயர அதில் உணவுக்குச் செல்லும் பங்கு குறைந்து வருகிறது என்று நிறுவினார். நம் நாட்டிலும் அவ்வாறே நிகழ்கிறது. இந்திய அரசின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, 1999–2000இல் கிராமத்துக் குடும்பம் செலவிட்ட ஒவ்வொரு 100 ரூபாயிலும் ஏறத்தாழ 59 ரூபாய் உணவுக்குச் சென்றது. 2022–23இல் அது 46 ரூபாயாகக் குறைந்தது. நகரங்களில் 48இலிருந்து 39 ஆயிற்று.

இதன் பொருளை ஊன்றி நோக்க வேண்டும். ஏழையின் செலவை அவன் வயிறு தீர்மானிக்கிறது. அங்கே மனத்துக்கு அதிக வேலையில்லை. வயிறு நிறைந்தபின் எஞ்சும் பணத்தைத்தான் மனம் தன் விருப்பப்படி ஆள்கிறது. ஆதலால், ஒருவனுடைய இயல்பை அறிய அவன் வரவைப் பார்ப்பதைவிட, அந்த எஞ்சிய பணம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பதே முறை.

மனம் மாறும் படிகள்

எஞ்சிய பணம் முதலில் வசதியை நாடும். நடந்து சென்றவன் சைக்கிள் வாங்குகிறான், பின்னர் ஸ்கூட்டர், பின்னர் கார். ஒவ்வொன்றும் வந்த நாளில் மகிழ்ச்சி தருகிறது, ஓராண்டில் பழகிவிடுகிறது, அதன்பின் இல்லாமல் முடியாது என்றாகிறது. வசதியாக வந்தது தேவையாக உட்கார்ந்துகொள்கிறது. இவ்வளவில் நின்றால் பெருந்தீங்கில்லை.

அடுத்து வருவது ஒப்பீடு. இப்போது செலவை நிர்ணயிப்பது தன் தேவையன்று, அடுத்த வீட்டுக்காரன் செய்த செலவு. நம் பக்கத்துக் காதணி விழாக்களையும் திருமணங்களையும் நினைத்துப் பாருங்கள். பந்தலின் நீளம், பந்தியின் வகைகள், வாசலில் நிற்கும் பதாகைகள் யாவும் போட்டியாக வளர்கின்றன. மொய் நோட்டை நம்பிக் கடன் வாங்கியவன், விழா முடிந்த மறுநாள் வட்டியோடு விழிக்கிறான். செல்வன் தன் மிகுதியைக் காட்டச் செய்த செலவு, இல்லாதவனுக்குக் கட்டாயக் கடனாய் முடிகிறது. கையில் இருப்பவன் ஆடம்பரத்தைக் குறைப்பது அவனுக்கு மட்டும் நன்மையன்று, தெருவுக்கே செய்யும் உபகாரம்.

மூன்றாவது, அச்சம். இது வியப்புக்குரியது. இழப்பதற்கு ஒன்றுமில்லாதவனுக்கு அச்சமில்லை. பெருகியவனுக்கோ போய்விடுமோ என்ற கலக்கம். அதனால் பத்து ரூபாய் உள்ளபோது ஒன்றைக் கொடுத்த கை, பதினாயிரம் உள்ளபோது ஆயிரத்தைக் கொடுக்கத் தயங்குகிறது. இரண்டும் பத்தில் ஒரு பங்குதான். எனினும் கண் பங்கைப் பார்ப்பதில்லை, தொகையைத்தான் பார்க்கிறது.

இந்த அச்சத்தின் தன்மையைக் கூரத்தாழ்வான் சரிதம் விளக்குவதுபோல் வேறொன்று விளக்குவது அரிது. காஞ்சிக்கு அருகிலுள்ள கூரம் என்னும் ஊரில் பெருஞ்செல்வராக வாழ்ந்து நாள்தோறும் அன்னமிட்ட அவர், அனைத்தையும் துறந்து எம்பெருமானாரை அடையத் திருவரங்கம் நோக்கிப் புறப்பட்டார். வழியில் காடு குறுக்கிட்டபோது தேவியார் ஆண்டாள், இங்கே பயமுண்டோ என்று வினவினார். மடியில் கனமிருந்தாலன்றோ வழியில் பயம் என்றார் ஆழ்வான். கணவர் அமுது செய்வதற்கென்று ஒரு பொன் வட்டிலை மட்டும் எடுத்து வந்ததை அம்மையார் தெரிவிக்க, ஆழ்வான் அதனை வாங்கி எறிந்துவிட்டு நடந்தார் என்று குருபரம்பரை கூறும். அத்தனை செல்வத்தையும் விட்டு வந்தவர்களுக்கும், எஞ்சியிருந்த ஒரே வட்டில் காட்டளவு பயத்தைத் தந்தது! எல்லோரும் ஆழ்வானைப்போல் எறிந்துவிட இயலாது. இல்லறத்தான் அவ்வாறு செய்யவும் வேண்டா. கனம் கூடினால் பயமும் கூடும் என்று அறிந்து, அப்பயத்தின் சொல்லைக் கேட்டுக் கையை மூடிக்கொள்ளாதிருந்தால் போதும்.

கூடல் மாநகரில் ஒரு பொற்கிழி

செல்வம் வந்தும் மனம் மாறாதிருந்தவரின் கதை நம் மதுரையிலேயே இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்துப் பூமாலை கட்டிக் கைங்கர்யம் செய்து வந்த விஷ்ணுசித்தர், வல்லபதேவ பாண்டியன் சபைக்கு வந்து பரதத்துவத்தை நிலைநாட்டினார். கட்டியிருந்த பொற்கிழி தானே தாழ்ந்து வந்தது; மன்னன் அவரை யானைமீது ஏற்றி நகர்வலம் செய்வித்தான் என்பது யாவரும் அறிந்த வரலாறு.

அன்று வரை பூக்கூடை சுமந்தவருக்கு ஒரே நாளில் பொன்னும் புகழும் வந்தன. மனம் மாறுவதற்கு இதைவிட வேறு தருணம் வேண்டுமா? அவரோ, வானத்தில் சேவை சாதித்த எம்பெருமானுக்குக் கண்ணேறு பட்டுவிடுமோ என்று அஞ்சிப் பல்லாண்டு பாடினார். செல்வம் வந்தவனுக்கு வரும் அச்சம் அவருக்கும் வந்தது. ஆனால் தமக்காக அஞ்சவில்லை. பின்னர் ஊர் திரும்பி, பெற்ற பொருளை வடபத்ரசாயியின் திருப்பணிக்கு ஆக்கி, பழைய நந்தவனத்துக்கே சென்றார் என்பர். வரவு மாறிற்று, வாழ்க்கையின் அளவு மாறவில்லை. இடையிலுள்ள மிகுதி முழுவதும் பிறர்க்குப் பயன்பட்டது. பெரியாழ்வார் என்று அவர் பெற்ற பேருக்கு இப்பெருந்தன்மையும் பொருந்தும்.

பூட்டிய மாளிகையும் திறந்த கல்லூரியும்

ஆழ்வார் கதை நம்மால் ஆகுமோ என்று ஐயுறுவோர்க்கு, அண்மைக் காலத்துச் சான்று மதுரைக்குக் கிழக்கே செட்டிநாட்டில் கிடைக்கிறது. பர்மாவிலும் மலாயாவிலும் கொண்டுவிற்றுப் பொருளீட்டிய நகரத்தார், பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் கொண்டு பெருமாளிகைகள் எழுப்பினர். 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்தபின் அங்கிருந்த சொத்துகளில் பெரும்பகுதி கைவிட்டுப் போயிற்று. அம்மாளிகைகளுள் பல இன்று ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் திறக்கப்படுகின்றன, சில விடுதிகளாயின, சில இடிபட்டுத் தூணும் கதவும் விலைக்குப் போயின.

அதே மண்ணில் கோட்டையூரில் 1909இல் பிறந்தவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். ஆலைத் தொழிலிலும் வணிகத்திலும் பெரும்பொருள் ஈட்டிய அவர், 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மைய மின்வேதியியல் ஆய்வுக்கூடம் அமைவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 இலட்ச ரூபாயும் வழங்கினார்; 1948 ஜூலை 25ஆம் நாள் ஜவஹர்லால் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். செட்டியார் 1957இல் மறைந்தார். அவர் தொடங்கிய கல்வி நிலையங்களை அடித்தளமாகக் கொண்டு 1985இல் அழகப்பா பல்கலைக்கழகம் உருவாயிற்று. தமக்கென்று கட்டிய மாளிகைகள் பல பூட்டிக் கிடக்க, பிறர்க்கென்று கட்டிய வாசல்கள் நாள்தோறும் திறக்கின்றன. எந்தச் செலவு நிலைத்த செலவு என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டா.

முதலில் எடுத்து வைக்கும் பிடி

இனி, இம்மனத்தை எவ்வாறு பெறுவது? நல்ல வசதி வந்தபின் கொடுப்போம் என்று எண்ணுவோர் பலர். மேலே கண்டவாறு, வசதி வருகையில் தேவையும் ஒப்பீடும் அச்சமும் அதனுடனே வந்து விடுகின்றன. ஆகவே அந்த நல்ல நாள் நகர்ந்துகொண்டே போகும். சிறிதாயிருக்கும்போதே பழக்கம் வரவேண்டும்.

இதை நன்கறிந்தவர்கள் நம் பக்கத்துச் சாமானியர்களே. விருதுநகர் நாடார் பெருமக்கள் தங்கள் வணிகத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை ஒதுக்கிப் பொதுநிதி சேர்த்து, 1889இல் க்ஷத்ரிய வித்யாசாலையைத் தோற்றுவித்தனர். இல்லந்தோறும் தாய்மார்கள் உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்து வைத்தனர். அப்பிடி அரிசி திரண்டு பள்ளிக்கு உதவிற்று. பிற்காலத்தில் முதலமைச்சராகி ஊர்தோறும் பள்ளி திறந்து மதிய உணவளித்த காமராசர் படித்தது அப்பள்ளியில்தான்.

இம்முறையின் நுட்பம் இரண்டு. பிடி அரிசி சமைத்து உண்டு மிஞ்சியதிலிருந்து எடுக்கப்படவில்லை. உலைக்கு முன்பே எடுக்கப்பட்டது. மிஞ்சியதைக் கொடுக்க எண்ணினால் ஒருநாளும் மிஞ்சாது. மகமையோ தொகையாக வைக்கப்படவில்லை, பங்காக வைக்கப்பட்டது. ஆகவே சரக்குப் பெருகியபோது தருமமும் தானே பெருகிற்று. ஒவ்வொரு முறையும் மனத்தோடு மல்லாட வேண்டியிருக்கவில்லை. முன்னே எடுத்துவைத்தலும் பங்காக எடுத்துவைத்தலும் ஆகிய இவ்விரண்டும் கைவந்தால், வளர்கின்ற செல்வம் மனத்தைக் கெடுக்க வழியில்லை.

செலவே பாவமென்று சொல்ல வரவில்லை. மக்களின் கல்விக்கும் மருத்துவத்துக்கும் முதுமைக்கும் சேர்த்து வைப்பது கடமை. நாளும் திருநாளும் மகிழ்ந்து கொண்டாடுவதும் தகும். திருக்குறளில் ஒப்புரவுக்கும் ஈகைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்த வள்ளுவப் பெருந்தகை, தானும் துய்க்காமல் பிறர்க்கும் உதவாமல் கிடக்கும் பொருளை நன்றியில் செல்வம் என்று 101ஆம் அதிகாரத்தில் தனியே கடிந்தார். துய்த்தலும் ஈதலும் ஆகிய இரண்டும் சேர்ந்ததே பொருளின் பயன்.

அன்பர்களே! அழகர் மலையிலிருந்து இறங்கி மதுரை வந்து மீளும்வரை, வழியெங்கும் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் பெருமாள் எழுந்தருள்கிறார். தெருவெங்கும் தண்ணீர்ப் பந்தல். குடம் குடமாக நீர்மோரும் பானகமும். பெருவணிகர் அமைத்த பந்தலும் உண்டு. கூலிக்காரர் கூடிக் காசு சேர்த்து வைத்த ஒற்றைப் பானையும் உண்டு. வெயிலில் நடந்து வந்தவனுக்கு இரண்டிலும் தாகம் தணிகிறது. இவ்வாண்டு வளம் வேண்டி அழகரைச் சேவிக்கும் நாம், அவ்வளம் வருவதற்கு முன்பே ஒரு பிடியைத் தனியே எடுத்து வைத்துவிட்டுச் சேவிப்போமாக. வரும் வளம் மனத்தைச் சுருக்காமல் விரிக்கட்டும்!