குருதி அழுத்தமும் உடலின் காவலும்

திருவொற்றியூர்ப் பகுதியிலுள்ள விம்கோ நகர், தீப்பெட்டித் தொழிற்சாலையால் பெயர் பெற்ற இடம். கோடை நண்பகலில் அங்கே குந்தியிருந்து சுமை கட்டும் தொழிலாளி ஒருவர் திடுமென எழுகின்றார் எனக் கொள்வோம். ஏறத்தாழ அரை லிட்டர் குருதி கால்களிலும் வயிற்றிலும் தேங்குகின்றது. இதயத்திற்குத் திரும்பும் குருதி குறையவே, அழுத்தம் தாழ்கின்றது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியின் வளைவிலும் உள்ள உணர்நரம்புகள் இதனை மூளையின் அடியிலுள்ள முகுளத்திற்கு அறிவிக்கின்றன. உடனே இதயம் விரைந்து துடிக்கின்றது. சிறு நாளங்கள் சுருங்குகின்றன. இவையாவும் சில நொடிகளில் முடிகின்றன. அவரோ ஒன்றும் அறியார்!

வியர்வையால் நீரையும் உப்பையும் மிக இழந்தவர்க்கு இக்காவல் போதாது. கண் இருண்டு வீழ்தலும் உண்டு. சிறுநீரகம் ரெனின் என்னும் பொருளைச் சுரந்து, எஞ்சிய உப்பையும் நீரையும் உடலில் நிறுத்த முயலும். அது மெல்ல நடைபெறும் வேலை; இழந்த நீரைப் பருகினாலன்றி அக்குறை நிரம்பாது.