மூலையில் ஒரு மாவட்டம்



ஜெர்மனியிலேயே மக்கள்தொகை ரொம்பக் குறைந்த மாவட்டம் எது தெரியுமா? லூஹோ-டானன்பெர்க். கீழ்ச் சாக்சனி மாநிலத்தில், எல்பே ஆற்றங்கரையில் உள்ளது. பரப்பு 1,200 சதுர கிலோமீட்டருக்கு மேல். ஆனா சனங்க 50,000 பேர்கூட இல்லை! தலைமையிடம் லூஹோ.

1932-ல் இரண்டு சிறு மாவட்டங்களைச் சேர்த்து இதை உருவாக்கினர். இதில் 5 சிறு நகரங்களும் 22 ஊர்களும் உள்ளன. இவை மூன்று ஒன்றியங்களாகச் சேர்ந்து நிர்வாகம் நடத்துகின்றன.

முற்காலத்தில் இங்கே வெண்டர் என்னும் ஸ்லாவிய மக்கள் வாழ்ந்தனர். அவங்க மொழி 18-ம் நூற்றாண்டில் அழிஞ்சு போச்சு. ஆனால் நடுவில் வட்டமான வெளி, சுற்றிலும் வீடுகள் என அமைந்த கிராமங்கள் இன்றும் உள்ளன.

ஜெர்மனி இரண்டாகப் பிரிந்திருந்தபோது, மேற்கு ஜெர்மனியில் இருந்த இம்மாவட்டத்தின் மூன்று பக்கமும் கிழக்கு ஜெர்மனி. 1989-ல் எல்லை திறக்கும் வரை மூலையில் கிடந்தது.

1977-ல் அணுக்கழிவைப் புதைக்க இங்குள்ள கோர்லேபென் கிராமத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கேட்க ஆளில்லை என்று நினைச்சாங்களோ என்னவோ! விவசாயிகள் சும்மா இருக்கலை. 1979-ல் டிராக்டரிலேயே மாநிலத் தலைநகர் ஹனோவருக்குப் போய்ப் போராடினார்கள். கடைசியில் 2020-ல், நிலத்தடி அமைப்பு பொருந்தாது என்று நிபுணர்களே அந்த இடத்தைக் கைவிட்டனர். ஆனாலும் முன்பே கொண்டுவந்த 113 கழிவுப் பெட்டகங்கள் அங்கே தரைமேல் உள்ள கிடங்கில் இருக்கின்றன.

ஆள் குறைவு என்றால் குரலும் குறைவா? யோசிங்க!

– 9-ம் வகுப்பு மாணவி