ஸ்குரூ தலை தெரியாமல் ஸ்டூல் செய்வோம்

மரவேலை செய்யும் குழுக்கள் கேட்டுக்கொண்டதால் இந்த மாதம் இதை எழுதுகிறோம்.

எங்கள் குழு முதலில் செய்த 12 ஸ்டூல்களில் ஸ்குரூ தலைகளை மரத்தூளும் ஃபெவிக்காலும் குழைத்து மூடினோம். காய்ந்ததும் நன்றாகத்தான் இருந்தது. பாலீஷ் போட்டதும் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. காய்ந்த பசை பாலீஷ் சாயத்தைக் குடிக்காது என்பது அப்போது தெரியாது. கடைக்காரர் ஸ்டூலுக்கு 40 ரூபாய் குறைத்துவிட்டார். அந்த மாதக் கடன் தவணைக்கு சேமிப்பில் கைவைக்க வேண்டியதாச்சு.

இப்போது அதே மரத்துண்டால் மூடுகிறோம். பலகை ஒரு அங்குல கனம். 10 மி.மீ. பிட்டில் 8 மி.மீ. உயரத்தில் டேப் சுற்றி, அந்த ஆழம் மட்டும் துளை போடுங்கள். அதன் நடுவில் மெல்லிய பிட்டால் அடிச்சட்டம் வரை துளைத்து, 8-ஆம் நம்பர் ஸ்குரூவை முறுக்கினால் தலை உள்ளே இறங்கிவிடும். மெல்லிய துளை போடாமல் முறுக்கினால் பலகை வெடிக்கும். ஸ்குரூவில் கொஞ்சம் மெழுகு தடவினால் கைவலி இல்லை.

மூடிக்கு, ஹார்டுவேர் கடையில் பிளக் கட்டர் என்று கேட்டால் தருவார்கள். மீந்த பலகைத் துண்டின் மேல்பக்கத்திலிருந்து வெட்டி எடுக்க வேண்டும். உருட்டுக் குச்சியை நறுக்கி அடைக்கலாமே என்று நாங்களும் நினைத்தோம். குச்சியின் வெட்டுமுகம் பாலீஷை அதிகமாகக் குடித்து, கறுப்புப் பொட்டு வைத்த மாதிரி ஆகிவிடுகிறது.

துளையில் பசை தடவி, மூடியின் ரேகையும் பலகையின் ரேகையும் ஒரே திசையில் ஓடும்படி திருப்பி வைத்துத் தட்டுங்கள். இதில்தான் வேலையே இருக்கு. மறுநாள் வரை தொடாதீர்கள். பிறகு உளியால் ஒரேயடியாகச் சீவ வேண்டாம். ரேகை சரிவாக இருந்தால் மூடி பலகைக்குக் கீழே பிய்ந்து பள்ளமாகிவிடும். முதலில் மேலாகக் கொஞ்சம் சீவி, ரேகை எந்தப் பக்கம் ஏறுகிறது என்று பார்த்துவிட்டு, அந்தப் பக்கமாகச் சீவுங்கள். அப்புறம் 120, 220 நம்பர் உப்புத்தாள்.

அடிப்பக்கம் காலைப் பிடிக்கும் ஸ்குரூக்களை மட்டும் மூடாதீர்கள். கால் ஆடினால் வாங்கியவர்களே முறுக்கிக்கொள்ளட்டும்.