குறிஞ்சிக்கு ஒரே வாய்ப்பு

2018 செப்டம்பரில் எட்டாம் வகுப்பு மாணவர்களைக் கொடைக்கானலுக்குக் களப்பயணம் அழைத்துச் சென்றேன். மலைச்சரிவில் நீலக்குறிஞ்சி பூத்திருந்தது. திரும்பும்போது பல பிள்ளைகளின் கையில் பூங்கொத்து இருந்தது. நான் தடுக்கவில்லை, நானும் ஒன்றை ஒடித்து வந்தேன், பாடத்திற்குப் பயன்படும் என்று.

மறுநாள் அதை மேசையில் வைத்துப் பாடம் நடத்தினேன். ஒரு மாணவி, "இதே செடி அடுத்து எப்போ பூக்கும் டீச்சர்?" என்று கேட்டாள். "இதே செடி இனி பூக்காது" என்று பதில் சொல்லும்போதுதான் செய்த தவறு எனக்கு உறைத்தது.

நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகள் வளர்ந்து, ஒரே முறை பூத்து, விதை சிந்தி மடிந்துவிடும். அவ்விதைகளில் முளைப்பவையே 2030-இல் பூக்க வேண்டும். பூங்கொத்தை ஒடித்தபோது நாங்கள் அந்த விதைகளையும் சேர்த்தே ஒடித்துவிட்டோம்.

இச்செடி மேற்குத் தொடர்ச்சி மலையில், சுமார் 1,300 முதல் 2,400 மீட்டர் உயரத்தில், சோலைக்காடுகளை ஒட்டிய புல்வெளிகளில் வளர்கிறது. நீலகிரி, பழனிமலை, மூணாறை அடுத்த இரவிகுளம் ஆகியவை இதன் முக்கிய இடங்கள். நம் மாநில விலங்கான வரையாடு மேய்வதும் இப்புல்வெளிகளில்தான். தேயிலைத் தோட்டங்களும் தைலமரம், சீகை போன்ற அயல் மரங்களும் பரவியதால் இவற்றின் பரப்பு சுருங்கிவிட்டது.

இப்போது இப்பாடத்தை மூன்று செயல்பாடுகளாக நடத்துகிறேன்.

1. கரும்பலகையில் 2006, 2018, 2030, 2042 என்று காலக்கோடு வரைவேன். ஒவ்வோர் ஆண்டிலும் தம் வயது என்ன என்று மாணவர்கள் கணக்கிட்டு எழுதுவர். 2006-க்குப் பலருக்கும் விடை வராது. அப்போது வீட்டுப் பெரியவர்களின் வயதை எழுதச் சொல்வேன்.

2. செம்பருத்தி, நெல், மூங்கில், குறிஞ்சி ஆகியவற்றைப் பலமுறை பூப்பவை, ஒரே முறை பூத்து மடிபவை என வகைப்படுத்தச் செய்வேன்.

3. களப்பயணத்தில் பூவைப் பறிக்காமல், அது இருக்கும் இடத்திலேயே பார்த்து ஓவியமாக வரைய வேண்டும். இவ்விதி ஆசிரியருக்கும் பொருந்தும்.

2018 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை 2030-இல் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும். ஒரு குழந்தையின் பள்ளிப்படிப்புக்கு ஆகும் காலமே ஒரு குறிஞ்சி பூப்பதற்கும் ஆகிறது. அடுத்த பூப்பின்போது மாணவர்களை மலைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், புறப்படும் முன்பே இதை வகுப்பில் சொல்லிவிடுங்கள். நான் திரும்பி வந்த பிறகுதான் சொன்னேன்.