செம்புரைக்கல் வீட்டில் வைஃபை

மட்டாஞ்சேரி பஜார் ரோடு, ஜூ டவுன் பக்கத்துப் பழைய வீடுகளில் செம்புரைக்கல் சுவர் நல்ல தடிமன். கோடைக்குக் குளுகுளு, வைஃபைக்கு எமன். பின்கட்டில் சிக்னல் இல்லையென்று ரவுட்டரைத் திட்டிப் பயனில்லை.

ரவுட்டரை வீட்டின் நடுவே, ஆள் உயரத்தில், இரும்பு பீரோவை விட்டுத் தள்ளி வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம்தான், ஆனால் சுவரில் சுருண்டுவிடும். பின்கட்டுக்கு 2.4 போதும். அதில் 1, 6, 11 சேனல்களில் அக்கம்பக்கத்து நெரிசல் குறைந்ததாகப் பார்த்து வையுங்கள்.

டிவி, மேசைக் கணினி மாதிரி நகராத சாமான்களுக்குக் கேபிளே மேல். கேட் 6 கேபிள் 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் தாங்கும். வாங்கும்போது உள்கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம், கடைக்காரரிடமே இருக்கட்டும். மாடிக்கு இதே கேபிளை இழுத்து, முனையில் பழைய ரவுட்டரை ஆக்சஸ் பாயின்டாக மாற்றிப் போடலாம். அதன் டிஹெச்சிபியை அணைக்க மறக்க வேண்டாம் (நான் மறந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமையே போயிற்று). இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. கரன்ட் ஒயர் போகும் குழாயில் இந்தக் கேபிளை நுழைக்காதீர்கள்.

ஐப்பசியில், இங்கே துலாவர்ஷம், சாயங்காலம் இடி கிளம்பினால் அடாப்டரைப் பிடுங்கிவிடுங்கள். இணைப்பு கண்ணாடி இழையில் வந்தால் அந்த இழை மின்சாரம் கடத்தாது. ஆனால் அடாப்டரும் செம்புக் கேபிளும் கடத்தும். வெளிச்சுவர் வழியே போகும் கேபிளையும் கழற்றிவிடுங்கள்.