குடியிருப்புத் தெருக்களும் குறுக்குவழிப் போக்குவரத்தும்

பல்கலைக்கழகத்தைச் சூழ்ந்த பிரதான சாலைகளில் நெரிசல் மிகும்போது, வாகனங்கள் அருகிலுள்ள குடியிருப்புத் தெருக்களைக் குறுக்குவழியாகக் கொள்கின்றன. ஓட்டுநருக்குச் சில நிமிடங்கள் மிச்சமாகின்றன. அதற்குரிய விலையைச் செலுத்துவோர் தெருவாசிகளே. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கேற்ப உயர்வதால், மணிக்கு 30 கிலோமீட்டரில் செல்லும் வாகனத்தைவிட 50 கிலோமீட்டரில் செல்வது ஏறத்தாழ 2.8 மடங்கு ஆற்றலுடன் மோதும்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள அமெரிக்க நகரமான பெர்க்லி, 1975-இல் தெருச் சந்திப்புகளில் தடுப்புகளை அமைத்து, ஊடுருவும் வாகனங்களைப் பிரதான சாலைகளுக்குத் திருப்பியது. அவற்றை அகற்றக் கோரிய முன்மொழிவுகளை வாக்காளர்கள் 1976-இலும் 1977-இலும் நிராகரித்தனர். எனினும், மாநிலச் சட்டம் நகராட்சிக்கு அத்தகைய அதிகாரம் அளிக்கவில்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் 1982-இல் தீர்ப்பளித்தது. பின்னர் சட்டம் திருத்தப்பட்டது. மக்கள் ஆதரவு மட்டும் சட்ட அடிப்படைக்கு ஈடாகாது என்பதே இதன் படிப்பினை.

இந்தியாவில், மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 115-ஆம் பிரிவு, பொதுப் பாதுகாப்பின் பொருட்டுக் குறிப்பிட்ட பகுதியிலோ சாலையிலோ வாகனங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மாநில அரசுக்கும், அது அதிகாரமளித்த அமைப்புக்கும் வழங்குகிறது. ஒரு மாதத்திற்கு மேற்படாத கட்டுப்பாட்டிற்கு அரசிதழ் அறிவிக்கை தேவையில்லை. உள்ளூரில் விளம்பரம் செய்தல் வேண்டும். எனவே, சோதனை முறையில் செயற்படுத்தி, முன்னும் பின்னும் வாகனங்களைக் கணக்கெடுத்து, அதன்பின் நிரந்தர ஆணை பிறப்பிக்கலாம். அக்கணக்கெடுப்பில் அடுத்தடுத்த தெருக்களும் அடங்க வேண்டும். இல்லையேல் ஒரு தெருவின் துன்பம் மறு தெருவுக்கு இடம்பெயரும்.